கோஹோ மீன்களைக் கொன்றது எது? சாலை மழைநீர் என்னும் வேதிக் கலவையை மதிப்பிட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

சாலையைக் கழுவிக்கொண்டு ஓடைக்குள் இறங்கும் மழைநீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று முழுப் பட்டியல் போட யாராலும் முடியாது. பிரேக் பட்டையிலிருந்து செம்பு, டயரிலிருந்து துத்தநாகம், எஞ்சினிலிருந்து ஒழுகிய எண்ணெய், புகைக்கரியோடு வரும் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள், தோட்டங்களிலிருந்து பூச்சிக்கொல்லி: இவையெல்லாம் தெரிந்தவை. பெயரே வைக்கப்படாத ஆயிரக்கணக்கான சேர்மங்களும் கூடவே வருகின்றன.

இப்படிப்பட்ட கலவையின் அபாயத்தை மதிப்பிட நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. கலவையை அப்படியே ஓர் உயிரினத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம். தெரிந்த கூறுகளை அளந்து அவற்றின் நச்சைக் கூட்டிப் பார்க்கலாம். அல்லது பாதிப்பிலிருந்து தொடங்கி, கலவையைப் பிரித்துக்கொண்டே போய்க் காரணியை எட்டலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ப்யூஜெட் சவுண்ட் கடற்கழியைச் சுற்றியுள்ள ஓடைகளில் கோஹோ சால்மன்கள் செத்த நிகழ்வில் மூன்றுமே கையாளப்பட்டன. முதல் இரண்டு வழிகள் எங்கே இடறும் என்பதும் அங்கே வெளிப்பட்டது.

ஓடையில் கண்டது

1990களில் சியாட்டில் பகுதி ஓடைகள் சிலவற்றைச் சீரமைத்தார்கள். மீன்கள் திரும்பி வருகின்றனவா என்று பார்க்கப் போனவர்கள் கண்டது வேறு. முட்டையிடக் கடலிலிருந்து ஏறி வந்த கோஹோக்கள் நீர்ப்பரப்பில் தடுமாறி நீந்தின, வாயைப் பிளந்தன, துடுப்புகளை விரித்தபடி சமநிலை இழந்து புரண்டன, சில மணி நேரத்தில் இறந்தன. செத்த பெண் மீன்களின் வயிற்றில் முட்டைகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன.

அவற்றில் ஒன்றான லாங்ஃபெல்லோ ஓடையில் 2002 முதல் 2009 வரை தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஏறி வந்த மீன்களில் 60 முதல் 100 விழுக்காடு முட்டையிடும் முன்பே இறந்தன. ஒப்பீட்டுக்காக 2002இல் பார்த்த நகரம் சாராத ஓடையில் இந்த இறப்பு 1 விழுக்காட்டுக்கும் கீழே. நீரின் வெப்பநிலை, கரைந்த ஆக்ஸிஜன், அம்மோனியா, நோய்க்கிருமிகள், பூச்சிக்கொல்லிகள், மீனின் உடல்நிலை என வழக்கமான சந்தேகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், எதுவும் பொருந்தவில்லை. உலோகங்களும் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்களும் மீன்களின் உடலில் ஏறியிருந்தது மட்டும் தெரிந்தது. இரண்டும் வாகனத்தைச் சுட்டின.

தெரிந்தவற்றைக் கூட்டியபோது

தெரிந்த கூறுகளை அளந்து கூட்டும் இரண்டாம் வழியின், அதாவது கூறுவாரி மதிப்பீட்டின், கணக்கு எளிது. ஒரு சேர்மத்தின் செறிவை, பாதி உயிரினங்களைக் கொல்லும் அதன் செறிவால் (இனி எல்சி50) வகுத்தால் கிடைப்பது நச்சு அலகு. எல்லாக் கூறுகளின் நச்சு அலகுகளையும் கூட்டினால் 1 வந்தால், கலவை பாதி உயிரினங்களைக் கொல்லும் என்று எதிர்பார்க்கலாம். இதுதான் செறிவுக் கூட்டல் முறை. பத்துச் சேர்மங்கள் ஒவ்வொன்றும் தன் எல்சி50இல் பத்தில் ஒரு பங்கே இருந்தாலும் கூட்டுத்தொகை 1 ஆகிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே வரம்புக்குள்தான் இருக்கும். செயல்படும் விதம் முற்றிலும் வேறான பொருள்களுக்குத் தனித்த செயல்பாடு முறை பொருந்தும். ஒன்று 20 விழுக்காட்டையும் மற்றொன்று 20 விழுக்காட்டையும் கொல்லுமானால், பிழைப்பது 0.8 × 0.8 = 0.64, இறப்பு 36 விழுக்காடு. செயல்படும் விதம் தெரியாதபோது செறிவுக் கூட்டலைக் கொள்வதே வழக்கம், ஏனெனில் பெரும்பாலும் அதுதான் கூடுதல் எச்சரிக்கையான விடையைத் தரும்.

கோஹோ விஷயத்தில் இந்தக் கணக்கைத் தாளோடு நிறுத்தாமல் தொட்டியிலும் செய்து பார்த்தார்கள். நகர மழைநீரில் காணப்படும் உலோகங்களையும் ஹைட்ரோகார்பன்களையும் கலந்து செயற்கைக் கலவை தயாரித்து, வளர்ந்த கோஹோக்களை அதில் விட்டார்கள். நோய்க்குறிகள் வரவில்லை. அதே ஆய்வில், நெடுஞ்சாலையிலிருந்து பிடித்த சுத்திகரிக்காத மழைநீர், ஒன்பது தனித்தனி மழைகளில் எடுத்தது, ஒவ்வொரு முறையும் கொன்றது. 2016இல் வெளியான இந்த முடிவின் பொருள் ஒன்றுதான்: கொல்வது பட்டியலில் இல்லை.

கூட்டல் முறையின் பெரிய ஓட்டை இதுவே. பட்டியலில் உள்ளதை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், பட்டியலில் இல்லாததற்கு நச்சு அலகு பூஜ்யம். மதிப்பீட்டு அறிக்கைகளில் கூட்டுத்தொகை 0.3 என்று பார்த்ததும் ‘அபாயம் குறைவு’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 0.3, கலவையின் உண்மையான நச்சில் எத்தனை பங்கை விளக்குகிறது என்று கேட்க வேண்டும். அதற்கு அதே நீர் மாதிரியில் முழுக்கலவைச் சோதனையும் செய்திருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த இடைவெளிதான் அறிக்கையின் முதல் வரியில் வர வேண்டியது.

சரியான மீன்

முழுக்கலவைச் சோதனை இந்த ஓட்டையை அடைக்கும் என்று நினைக்கத் தோன்றும். சோதனை உயிரினம் சரியாக அமைந்தால்தான் அடைக்கும். கோஹோக்களைக் கொன்ற அதே நீரில் சம் சால்மன்கள் எதுவும் நடக்காததுபோல் நீந்தின. இரண்டும் ஒரே பேரினம். ஒரே ஓடைக்கு வருபவை. பிற்பாடு காரணப்பொருள் கிடைத்து அதைத் தனியாகச் சோதித்தபோது, ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் வரிக்குதிரை மீன், மெடாக்கா மீன், டாப்னியா நீர்ப்பூச்சி எதுவும் நீரில் கரையக்கூடிய அளவு வரைக்கும் சாகவில்லை. வழக்கமான உயிரினங்களைக் கொண்டு மட்டும் சோதித்திருந்தால் ‘நச்சு இல்லை’ என்ற சான்று கிடைத்திருக்கும். ஓடையில் மீன் செத்துக்கொண்டே இருந்திருக்கும்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று இருந்தது. வளர்ந்த கோஹோ ஆண்டில் சில வாரங்களே கிடைக்கும். பிரித்தெடுப்பு வேலைக்கோ மாதக்கணக்கில் நூற்றுக்கணக்கான சோதனைகள் வேண்டும். கோஹோ குஞ்சுகளுக்கும் அதே நோய்க்குறிகள் வருகின்றன என்று 2019இல் காட்டியது வழியைத் திறந்தது. நோய்க்குறி தோன்றிய குஞ்சைச் சுத்தமான நீருக்கு மாற்றினாலும் அது மீளவில்லை என்பதும் அப்போது தெரிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே மாதிரி எடுக்கும் முறையைப் பேசும்போது இது தேவைப்படும்.

இரண்டாயிரத்திலிருந்து நான்கு

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டக்கோமா வளாகத்தையும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ப்யூயாலப் ஆய்வு மையத்தையும் சேர்ந்த குழுக்கள், மூலக்கூறுகளின் நிறையை நுட்பமாக அளக்கும் உயர் பிரிதிறன் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கொல்லும் நீர்களை ஒப்பிட்டன. வாகனத்தோடு தொடர்புடைய பல மூலப்பொருள்களின் கரைசல்களில், டயர்த் தேய்மானத் துகள் ஊறிய நீரே அவற்றோடு மிக நெருங்கியிருந்தது. அந்த ஊறல்நீர் கோஹோ குஞ்சுகளைக் கொன்றது. அதில் 2,000க்கு மேற்பட்ட வேதிச் சமிக்ஞைகள், அதாவது சேர்மங்களின் தடயங்கள்.

இங்கிருந்துதான் மூன்றாம் வழியான நச்சுவழிப் பிரித்தெடுப்பு தொடங்குகிறது. முதல் கட்டத்தில் எதையும் அடையாளம் காண முயலக்கூடாது; காரணியின் இயல்பை மட்டும் கேட்க வேண்டும். மாதிரியைப் பல பங்காக்கி, ஒவ்வொரு பங்கிலும் ஒரு வகைப் பொருளை மட்டும் முடக்கி, மீண்டும் மீனிடம் கொடுப்பார்கள். உலோகங்களைப் பிடித்து முடக்கும் இடிடிஏ சேர்த்து நச்சு குறைந்தால் சந்தேகம் செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்கள் மேல். சோடியம் தயோசல்பேட் குளோரின் போன்ற ஆக்ஸிஜனேற்றிகளை முடக்கும். காற்று ஊதினால் ஆவியாகும் பொருள்கள் போகும். அமில-கார நிலையை மாற்றினால் அம்மோனியா தெரியவரும். நுண்வடிகட்டியில் குறைந்தால் துகள். நீரோடு எளிதில் சேராத பொருள்களைப் பிடித்துக்கொள்ளும் சி18 நிரலில் (பொடி அடைத்த குழாய்) நின்றுவிட்டால் முனைவுத்தன்மை குறைந்த கரிமச் சேர்மம். டயர் ஊறல்நீரை வடிகட்டியும் 80 பாகை செல்சியஸில் சூடாக்கியும் இடிடிஏ சேர்த்தும் பார்த்தார்கள். கொல்லும் தன்மை குறையவில்லை. ஆக, அது உலோகமும் அல்ல, துகளும் அல்ல, எளிதில் சிதைவதும் அல்ல. பிரித்தெடுக்கக்கூடிய, நிலையான கரிமச் சேர்மம்.

அடுத்தது பிரித்தல். அயனிப் பரிமாற்றம், சிலிக்கா, பிறகு வெவ்வேறு நிரல்களில் திரவ குரோமட்டோகிராஃபி (கலவை நிரல் வழியே ஓடும்போது கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வரும் முறை). ஒவ்வொரு படியிலும் கிடைத்த பகுதிகளை மீனிடம் கொடுத்து, கொல்லும் பகுதியை மட்டும் அடுத்த படிக்கு எடுத்துச் சென்றார்கள். இறுதியில், வெவ்வேறு நிரல்களில் கிடைத்த எல்லாக் கொல்லும் பகுதிகளிலும் பொதுவாக இருந்தவை நான்கே சமிக்ஞைகள். அவற்றில் ஒன்று ஓங்கி நின்றது: 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்ஸிஜன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு.

இந்த வேலை கெடும் இடங்களைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நச்சு இரண்டு அடுத்தடுத்த பகுதிகளில் பிளந்து விழுந்தால், இரண்டுமே கொல்லும் அளவுக்குக் கீழே போய், இரண்டுமே நிரபராதிபோல் தெரியும். எனவே கொல்லும் அளவைப்போல் சில மடங்கு செறிவில் தொடங்க வேண்டும். பகுதிகள் சற்று ஒன்றன்மேல் ஒன்று விழுமாறு ஒரு முறையும், எல்லைகளை நகர்த்தி மறுமுறையும் வெட்டிப் பார்க்க வேண்டும். எல்லாப் பகுதிகளையும் மறுபடி ஒன்றாகக் கலந்து மூலக்கலவை அளவுக்குக் கொல்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். கொல்லவில்லையென்றால் காரணி வழியில் எங்கோ ஒட்டிக்கொண்டோ சிதைந்தோ போயிருக்கிறது. ‘நச்சு நீங்கியது’ என்று எண்ணி ஏமாறக்கூடாது. கரைப்பான் மட்டும் கொண்ட வெற்று மாதிரியும் எல்லாப் படிகளையும் கடந்து மீனிடம் வர வேண்டும், ஏனெனில் நிரலிலிருந்து கசியும் அசுத்தமும் கரைப்பானின் எச்சமுமே மீனைக் கொல்லக்கூடும். இன்னொன்று: ஸ்பெக்ட்ரத்தில் உயரமான முகடுக்கும் நச்சுக்கும் தொடர்பில்லை. நன்றாக அயனியாகும் எந்தச் சேர்மமும் உயரமாக நிற்கும். கொல்வது குட்டையான முகடாக ஓரத்தில் இருக்கலாம். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழி தவறுகிறார்கள்.

பெயர் கிடைத்த விதம்

அந்த வாய்பாட்டுக்குப் பொருந்தும் டயர் வேதிப்பொருள் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. அப்படியானால் அது தொழிற்சாலையில் சேர்த்த பொருள் அல்ல, பின்னால் உருவானது என்று யோசித்தார்கள். டயரில் சேர்க்கும் பொருள்களில் 18 கார்பனும் 2 நைட்ரஜனும் கொண்ட ஒன்று இருந்தது: 6பிபிடி, 24 ஹைட்ரஜன். இரண்டு ஹைட்ரஜன் போய் இரண்டு ஆக்ஸிஜன் ஏறினால் கணக்கு நேராகிறது.

6பிபிடியின் வேலையே ஓசோனோடு மோதுவதுதான். காற்றிலுள்ள ஓசோன் ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி டயரில் வெடிப்பு உண்டாக்கும். 6பிபிடி மெல்ல மேற்பரப்புக்கு ஊர்ந்துவந்து, ரப்பருக்கு முன்பாகத் தானே ஓசோனோடு வினைபுரியும். டயரின் எடையில் ஏறக்குறைய 0.4 முதல் 2 விழுக்காடு வரை இது சேர்க்கப்படுகிறது. ஆய்வகத்தில் 6பிபிடியை ஓசோனுக்குக் காட்டியபோது அதே பொருள் உருவானது: 6பிபிடி-குவினோன். 2020 டிசம்பரில் முடிவு வெளியானது.

ஒரு சேர்மத்தைக் குற்றவாளி என்று அறிவிக்க, அது இருந்த இடத்தில் நச்சு இருந்தது என்பது போதாது. தூய பொருள் அதே நோய்க்குறிகளைத் தர வேண்டும். அதே நேர அளவில் கொல்ல வேண்டும். கலவையைத் தாங்கிய உயிரினம் தூய பொருளையும் தாங்க வேண்டும். கலவையில் அளந்த செறிவு அதன் நச்சை எண்ணளவில் விளக்க வேண்டும். இந்த நான்கில் நான்காவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். காரணி நச்சில் 30 விழுக்காட்டை மட்டுமே விளக்கினால் இன்னொரு காரணி இருக்கிறது, தேடல் முடியவில்லை.

அந்த எண்ணளவே இங்கே ஒரு பாடமானது. முதலில் கோஹோ குஞ்சுகளுக்கான எல்சி50 லிட்டருக்குச் சுமார் 0.8 மைக்ரோகிராம் என்று வந்தது. அப்போது கடையில் தூய தரப்பொருள் (அளவீட்டை ஒப்பிட்டுச் சரிபார்க்க உதவும் பொருள்) இல்லை. ஆய்வகத்திலேயே தயாரித்ததை வைத்து அளந்தார்கள். வணிகத் தரப்பொருள் கிடைத்தபின் 2022இல் திருத்திய மதிப்பு லிட்டருக்கு 95 நானோகிராம், அதாவது எட்டு மடங்குக்கு மேல் கீழே. பழைய தரத்தை வைத்து அளந்த ஓடைச் செறிவுகளும் உடன் இறங்கின. பழைய ஓடை அளவைப் புதிய எல்சி50ஆல் வகுத்தால் அபாயம் பொய்யாக ஊதிக் காட்டும். எந்த எண் எந்தத் தரத்தால் அளந்தது என்பதைப் பார்க்காமல் இந்தப் பொருளின் தரவுகளைக் கலக்கக்கூடாது.

ஓடைக்கான கணக்கு

மழையின்போது ஓடையில் 6பிபிடி-குவினோன் லிட்டருக்கு 200 நானோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோஹோவுக்கு நச்சு அலகு 200 ÷ 95 = 2.1. வானவில் டிரௌட் மீனின் எல்சி50 சுமார் 1 மைக்ரோகிராம் (1,000 நானோகிராம்) என்பதால் அதற்கு 0.2. அதே நீர், ஒன்றுக்குப் பேரழிவு, மற்றொன்றுக்கு எச்சரிக்கை. சில வார வயதுக் கோஹோ குஞ்சுகளுக்கு 41 நானோகிராம் என்றும் ஓர் அளவு வந்திருக்கிறது. அதை வைத்தால் 4.9. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024இல் நன்னீர் உயிரினங்களுக்கான குறுகிய கால முன்னறி வரம்பாக லிட்டருக்கு 11 நானோகிராமைக் கொடுத்தது.

மாதிரி எடுக்கும் முறை இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடும். மழை வெள்ளம் மூன்று மணி நேரம் 400 நானோகிராமாக வந்து, மீதி 21 மணி நேரம் 10 நானோகிராமாக ஓடினால், 24 மணி நேரக் கூட்டு மாதிரி காட்டுவது (1,200 + 210) ÷ 24 = ஏறக்குறைய 59. எல்சி50க்குக் கீழே, ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் மீன் மூன்று மணி நேரத்திலேயே பாதிக்கப்பட்டிருக்கும், பின்னால் வரும் சுத்தமான நீர் அதைக் காப்பாற்றாது. ஆகவே நீர்மட்டம் ஏறத் தொடங்கியதிலிருந்து உச்சம் கடக்கும் வரை குறுகிய இடைவெளியில் தனித்தனி மாதிரிகள் வேண்டும். அதற்கு முன் எத்தனை நாள் மழையில்லாமல் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் சாலையில் சேர்ந்த துகள் அளவு அதைப் பொறுத்தது.

மாதிரிக் கருவியில் ரப்பரும் சிலிக்கோனும் வேண்டாம். இந்தப் பொருள் ரப்பரில் எளிதாக ஒட்டிக்கொள்ளும், அளவு குறைந்து காட்டும்; போதாக்குறைக்கு ரப்பர்ப் பொருள்கள் சிலவற்றில் 6பிபிடியே இருக்கும், அப்போது அளவு கூடிக் காட்டும். பழுப்புக் கண்ணாடிப் புட்டி, டெஃப்லான் உட்பூச்சு மூடி, மேலே காற்றிடம் விடாமல் நிரப்புதல், குளிரில் வைத்தல். தானியங்கி மாதிரிக் கருவியின் பம்புக்குள் வளையும் குழாயைத் தவிர்க்க முடியாவிட்டால் அதை முடிந்தவரை குட்டையாக வைத்து, அதே குழாய் வழியே சுத்த நீரை ஓட்டி வெற்று மாதிரியும் எடுக்க வேண்டும். அளவீட்டில் ஐசோடோப்பு அடையாளமிட்ட உள்தரப்பொருளைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் வழியில் ஏற்படும் இழப்பு ஈடாகும். நீரில் கரையும் எல்லை லிட்டருக்கு 40 மைக்ரோகிராமை ஒட்டியே இருப்பதால், ‘100 மைக்ரோகிராமிலும் மீன் சாகவில்லை’ என்ற வகை முடிவுகளில் உண்மையில் கரைந்திருந்தது எவ்வளவு என்று அளந்திருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது.

எல்லாக் கலவையும் இப்படியல்ல

கோஹோ நிகழ்வை வைத்து ஒவ்வொரு கலவைக்குள்ளும் ஒற்றைக் குற்றவாளி ஒளிந்திருக்கிறான் என்று முடிவுகட்டினால் தவறு. பெட்ரோலிய விளைபொருள்களில் நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் செல் சவ்வுக் கொழுப்பில் தங்கி ஒரே விதமாக மயக்கநிலையை உண்டாக்குகின்றன. அங்கே தனிக் குற்றவாளியைத் தேடுவது வீண். கொதிநிலையும் அமைப்பும் ஒத்த சேர்மங்களைத் தொகுதிகளாக்கி, ஒவ்வொரு தொகுதிக்கும் கரைந்த செறிவையும் நச்சையும் மதிப்பிட்டுக் கூட்டும் ஹைட்ரோகார்பன் தொகுதி முறை நன்றாகவே வேலை செய்யும். அதிலும், எண்ணெயின் மொத்த அளவை அல்ல, நீரில் கரைந்த பங்கைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். முழுக்கலவைச் சோதனையும் கூட்டலும் ஒத்துப்போனால் கூட்டல் போதும். ஒத்துப்போகாமல் சோதனை பல மடங்கு அதிக நச்சைக் காட்டினால் பிரித்தெடுப்பில் இறங்க வேண்டும். செலவும் காலமும் கூடியது என்பதால் அந்த இடைவெளி தெரியும் முன் அதில் இறங்குவதில் பொருளில்லை.

காரணி தெரியும் முன்பே கிடைத்த தீர்வு

60 விழுக்காடு மணலும் 40 விழுக்காடு மட்கு உரமும் கலந்த மண்கலவை வழியே ஊறவிட்ட நெடுஞ்சாலை நீர், கோஹோக்களைக் கொல்லவில்லை. இதைக் காட்டியது 2016ஆம் ஆண்டு ஆய்வே. காரணியின் பெயர் தெரிய இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. காரணி உறுதியாகும் வரை எதுவும் செய்ய முடியாது என்று சொல்லும் அறிக்கைகளை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் நகரின் ஒவ்வொரு சாலைக்கும் ஊறல் படுகை அமைக்க முடியாது. மூலத்தில் மாற்றக் காரணி தெரிந்தாக வேண்டும்.

2023 அக்டோபர் 1 முதல் 6பிபிடி உள்ள வாகன டயர்களை முன்னுரிமைப் பொருளாகப் பட்டியலிட்ட கலிபோர்னியா, மாற்று வழிகளை ஆராயும் கடமையை உற்பத்தியாளர்கள் மேல் வைத்தது. டயர்களில் 6பிபிடியைத் தடைசெய்யக் கோரிய யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்க்லாலம், ப்யூயாலப் ஆகிய பூர்வகுடியினரின் மனுவைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதே ஆண்டு நவம்பரில் ஏற்றுக்கொண்டது. மாற்றாகப் பேசப்படும் பொருள்களில் 6பிபிடியின் நெருங்கிய உறவினர்களும் உண்டு. அவையும் ஓசோனோடு வினைபுரிந்து தத்தம் குவினோன்களைத் தருகின்றன. எனவே மாற்றுப் பொருளைத் தூய நிலையில் சோதிப்பதில் பயன் குறைவு. அதை ரப்பரில் கலந்து, ஓசோனில் முதுமையாக்கி, தேய்த்த துகளை நீரில் ஊறவைத்து, அந்த ஊறல்நீரைக் கோஹோ குஞ்சுகளிடமும், கூடவே டிரௌட், சம் சால்மன் போன்ற வேறு இனங்களிடமும் கொடுத்துப் பார்க்க வேண்டும். குஞ்சுகள் பிழைத்தால் அதற்குப் பிறகுதான் கூறுகளை அளந்து கூட்டும் வேலை.